படிக்கட்டில் தொங்குபவன் மட்டும்தான் குற்றவாளியா?



கொஞ்சம் நீளமான பதிவு. வகுப்பில் நாற்பது நிமிடம் என் குரலைக் கேட்டுப் பழகியவர்கள் நீங்கள், இதையும் பொறுத்துக்கொள்வீர்கள். உறவினர்கள் வேண்டுமானால் நடுவில் எழுந்துபோய் ஒரு காபி குடித்துவிட்டு வரலாம்.

சென்ற வாரம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்தது. செங்கல்பட்டுப் பக்கமிருந்து கடற்கரை போகும் மின்சார ரயில். வாசலில் ஏழெட்டுப் பையன்கள் தொங்குகிறார்கள். அதில் ஒருவன் ஒரு கையால் கம்பியைப் பிடித்திருக்கிறான், மறுகையில் சாப்பாட்டுப் பை. படத்துக்குக் கீழே என் தம்பி மகன் எழுதியிருந்தான்: "பெரியப்பா, இதுங்களுக்கு ஒழுக்கமே இல்ல. நாலு பேரப் புடிச்சு உள்ள போட்டா எல்லாம் சரியாயிடும்." அதற்குப் பதினோரு கட்டைவிரல். ஒன்று என் சொந்தத் தங்கையுடையது.

அங்கே நான் பதில் எழுதவில்லை. குழுவில் சண்டை போட்டால் பொங்கலுக்கு எல்லார் முகத்தையும் பார்க்க வேண்டும். இங்கே எழுதினாலும் அதேதான் என்பது இப்போது எழுதும்போதுதான் உறைக்கிறது. பரவாயில்லை. தம்பி, நீயும் இதைப் படிப்பாய். கோபித்துக்கொள்ளாதே. நீ சொன்னதைப் பல வருடம் நானே சொல்லிக்கொண்டிருந்தவன்தான்.

முதலில் சட்டம். நீ கேட்கும் சட்டம் ஏற்கெனவே இருக்கிறது. 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டம், 156-ஆவது பிரிவு. கூரையிலோ படிக்கட்டிலோ பயணம் செய்தால் மூன்று மாதம் வரை சிறை, அல்லது 500 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். முப்பது வருடத்துக்கு மேலாகப் புத்தகத்தில் இருக்கிறது. பிடிக்கிறார்கள், அபராதமும் வாங்குகிறார்கள். அடுத்த வாரமும் அதே வாசலில் அதே கூட்டம். ஒரு மருந்து முப்பது வருடமாக வேலை செய்யவில்லை என்றால் நோய் வேறு எங்கோ இருக்கிறது என்று மருத்துவருக்குத் தோன்ற வேண்டாமா?

2018 ஜூலை 24-ஐ உங்களில் பலர் மறந்திருக்க மாட்டீர்கள். பரங்கிமலை. கடற்கரையிலிருந்து திருமால்பூர் போன வண்டி. அன்று காலை மேலே செல்லும் மின்கம்பியில் கோளாறு. அதனால் புறநகர் வண்டிகளை விரைவு வண்டிகள் போகும் பாதையில் திருப்பிவிட்டார்கள். அந்தப் பாதையை ஒட்டிப் பரங்கிமலையில் ஒரு கான்கிரீட் சுவர். வழக்கமான பாதையில் தொங்கிப் பழகியவர்களுக்கு அது அங்கே இருக்கும் என்று தெரியாது. வாசலில் தொங்கியவர்கள் மீது அந்தச் சுவர் மோதியது. ஐந்து பேர் இறந்தார்கள், அதில் மாணவர்களும் இருந்தார்கள். முந்தைய நாள் இரவும் அதே இடத்தில் இரண்டு பேர் இறந்திருந்தார்கள் என்பதை நாம் பேசுவதே இல்லை.

மறுநாள் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் நான் பேசினேன். அப்போது பணியில் இருந்தேன். "உயிர் பெரிதா, ஐந்து நிமிடம் பெரிதா?" என்று கேட்டேன். "பெரிதுபடுத்திக் காட்டத்தான் தொங்குகிறீர்கள், ஹீரோயிசம்" என்று சொன்னேன். பிள்ளைகள் தலையைக் குனிந்து நின்றார்கள். எனக்கு அது நல்ல பேச்சாகத் தோன்றியது. தலைமையாசிரியர் கைகொடுத்தார்.

கூட்டம் முடிந்ததும் பன்னிரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன் மாடிப்படியில் என்னிடம் வந்தான். பெயர் வேண்டாம், அவன் இந்தப் பதிவைப் படிக்கக்கூடும். "சார், கம்பி அறுந்து வண்டியெல்லாம் லேட்டாச்சு. ரொம்ப நேரம் கழிச்சு வந்த வண்டி சார் அது. அதுல எப்படி சார் உள்ள போறது?" என்று கேட்டான். எதிர்த்துப் பேசவில்லை. கணக்கில் சந்தேகம் கேட்பது போலத்தான் கேட்டான். "வாய் பேசாதே, வகுப்புக்குப் போ" என்று அனுப்பிவிட்டேன். முப்பத்து நான்கு வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தவன், என் வாழ்க்கையில் கேட்ட மிக நல்ல கணக்குச் சந்தேகத்துக்குச் சொன்ன பதில் அது.

இன்று அந்தப் பதிலை எழுதுகிறேன். பலகையில் எழுதுவது போலவே எழுதுகிறேன், பென்சில் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு பாதையில் நிமிடத்துக்கு 100 பேர் வண்டிக்கு வந்து சேர்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கணக்குக்காக எடுத்த எண், அவ்வளவுதான். அரை மணி நேரத்தில் 3,000 பேர். அந்த அரை மணிக்கு இரண்டு வண்டி. பதினைந்து நிமிடத்துக்கு ஒன்றாகச் சரியாக வந்தால் வண்டிக்கு 1,500 பேர். ஒருவர் சராசரியாக ஏழரை நிமிடம் காத்திருப்பார்.

இப்போது அதே இரண்டு வண்டி. ஒன்று ஐந்து நிமிட இடைவெளியில் வருகிறது, அடுத்தது இருபத்தைந்து நிமிட இடைவெளியில். முதல் வண்டியில் 500 பேர், இரண்டாவதில் 2,500 பேர். அலுவலகத்தில் உட்கார்ந்து சராசரி போடுபவருக்கு என்ன விடை வரும்? 3,000-ஐ 2-ஆல் வகுத்தால் அதே 1,500. "சராசரிக் கூட்டம் மாறவில்லையே" என்பார். அவர் கணக்கில் பிழை இல்லை.

ஆனால் பயணியிடம் கேளுங்கள். 500 பேர் "வண்டியில் 500 பேர் இருந்தார்கள்" என்பார்கள். 2,500 பேர் "2,500 பேர் இருந்தார்கள்" என்பார்கள். பயணிகள் கண்ட கூட்டத்துக்குச் சராசரி எடுத்தால் கிட்டத்தட்ட 2,167. காத்திருந்த நேரம் ஏழரை நிமிடத்திலிருந்து பதினொன்றை நெருங்கிவிடும். ஆறு பேரில் ஐந்து பேர் நெரிசல் வண்டியில்தான் இருப்பார்கள். அதே இரண்டு வண்டி, அதே ஓட்டுநர், அதே மின்சாரச் செலவு. இடைவெளி மட்டும்தான் மாறியது.

"வண்டி காலியாத்தானே போகுது, நேத்துகூட நான் பார்த்தேன்" என்று சொல்லும் அதிகாரியும் பொய் சொல்லவில்லை. அவர் பார்த்தது அந்த ஐந்து நிமிட இடைவெளி வண்டி. காலி வண்டியைப் பார்க்க அதில் ஆள் குறைவு, அதனால்தான் அது காலி. இதைப் பத்தாம் வகுப்பில் சராசரி நடத்தும்போது ஒரு நாளாவது நடத்தியிருக்க வேண்டும். நடத்தவில்லை. பொதுத்தேர்வில் வராது என்று விட்டுவிட்டேன்.

இதற்கு மேல் ஒன்று இருக்கிறது, அதுதான் கொடுமை. நிலையத்தில் மின்சார ரயில் நிற்பது அரை நிமிடம்கூட இருக்காது. தாமதமாக வரும் வண்டிக்குப் பிளாட்பாரத்தில் கூட்டம் அதிகம். கூட்டம் அதிகமானால் ஏறி இறங்க நேரம் அதிகம். ஒவ்வொரு நிலையத்திலும் இருபது, முப்பது விநாடி கூடுதலாகப் போகும். பத்து நிலையம் தாண்டினால் அது நான்கைந்து நிமிடம். அதற்குள் அடுத்த நிலையத்தில் இன்னும் ஆள் சேர்ந்திருப்பார்கள். ஆகவே தாமதமான வண்டி மேலும் தாமதமாகும், மேலும் நெரியும். பின்னால் வரும் வண்டி முன்னால் போனதை நெருங்கி வந்து, காலியாகச் சிவப்பு விளக்கில் நிற்கும். "அடுத்த வண்டி பின்னாடியே வருது, அதுல வாங்க" என்று ஒலிபெருக்கியில் சொன்னாலும் யாரும் நம்புவதில்லை. பத்து முறை அப்படிச் சொல்லி மூன்று முறை வராமல் போயிருந்தால் பதினோராவது முறை நீங்கள் நம்புவீர்களா? வந்ததில் தொற்றிக்கொள்வதுதான் புத்திசாலித்தனம் என்று அந்தப் பையனுக்கு அனுபவம் கற்றுக்கொடுத்திருக்கிறது. நாம் அதற்கு ஒழுக்கக்கேடு என்று பெயர் வைத்திருக்கிறோம்.

எல்லாப் பையன்களும் அப்படியில்லை, ஒப்புக்கொள்கிறேன். காலி வண்டியிலும் வாசலில் நின்று காலைத் தேய்த்துக்கொண்டு வருபவன் உண்டு. அவனுக்கு என் பழைய பிரம்பு போதும். ஆனால் காலை ஏழரை மணிக்குச் சாப்பாட்டுப் பையோடு தொங்குபவன் வேறு ஆள். தயவுசெய்து இரண்டு பேரையும் ஒரே படத்தில் போட்டுக் கட்டைவிரல் காட்டாதீர்கள்.

"சீக்கிரம் கிளம்ப வேண்டியதுதானே" என்று என் தங்கை கேட்பாள். கேட்டிருக்கிறாள். அவளுக்கு ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். என்னிடம் படித்த பிள்ளை, தி.நகரில் துணிக்கடையில் வேலை. வீடு சிங்கப்பெருமாள் கோயில் பக்கம். காலை நான்கரைக்கு எழுந்து சமைத்து, பிள்ளையைக் கிளப்பி, மாமியாருக்கு மாத்திரை எடுத்து வைத்துவிட்டு ஓடுகிறாள். இன்னும் எவ்வளவு சீக்கிரம் கிளம்ப வேண்டும், நீயே சொல்லு.

கடைகளில் வேலை செய்பவர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாடு சட்டமன்றம் சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. நல்ல சட்டம், நான் கைதட்டினேன். அந்தப் பிள்ளை சிரித்துக்கொண்டே சொன்னது: "கடையில ஸ்டூல் இருக்கு சார். மாம்பலத்துல ஏறினா பெருங்களத்தூர் வரைக்கும் ஒத்தக்கால்லதான் நிக்கணும்." இரவு பத்து மணிக்கு மேல் கடை அடைத்து மாம்பலம் வந்தால், தாம்பரம் வரை போகும் வண்டி கிடைக்கும். தாம்பரத்தோடு பல வண்டிகள் நின்றுவிடும். அதற்கு மேல் போவதற்குக் காத்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் மகளிர் பெட்டியில் இரண்டு மூன்று பேர்தான் இருப்பார்கள். காலையில் மூச்சுவிட முடியாத கூட்டம், இரவில் பயப்படும் அளவுக்கு ஆளில்லாமை. இரண்டுக்கும் காரணம் ஒன்றே: வேண்டிய நேரத்தில் வேண்டிய வண்டி இல்லை. போன மாதம் அவள் வேலையை விட்டுவிட்டாள். வீட்டுக்காரர் விடச் சொல்லவில்லை, மாமியாரும் சொல்லவில்லை. கால அட்டவணை சொன்னது.

நிர்வாகத் தரப்பில் சொல்லும் நியாயங்களையும் பார்ப்போம். வாத்தியார் ஒருதலையாகப் பேசினார் என்று இருக்கக் கூடாது.

"பாதையில் இடம் இல்லை" என்பது முதல் பதில். தாம்பரத்துக்குத் தெற்கே இதில் உண்மை இருக்கிறது. தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு வரை மூன்று பாதைதான். அதில்தான் தென்மாவட்ட விரைவு வண்டி, சரக்கு வண்டி, மின்சார வண்டி எல்லாம். நெல்லையிலிருந்து எங்களைப் பார்க்க வரும் சொந்தங்களே, நீங்கள் போர்வையை மடித்துக்கொண்டு "இதோ வந்தாச்சு" என்று போன் செய்யும்போது, உங்கள் வண்டிக்கு வழிவிட்டு எங்கள் வண்டி எங்கேயோ ஓரமாக நிற்கும். உங்கள் மேல் வருத்தமில்லை. நான்காவது பாதை வேண்டும் என்பது கூடுவாஞ்சேரியில் பால் போடுகிறவருக்கும் தெரிந்த விஷயம். ஜிஎஸ்டி சாலையின் இரு பக்கமும் வீட்டுமனை விற்றவர்கள் எல்லாரும் "ரயில் நிலையம் ஐந்து நிமிட நடை" என்று போட்டுத்தான் விற்றார்கள். மனைக்கு அனுமதி கொடுத்த அரசுக்கும் பத்திரம் பதிந்த அரசுக்கும், அந்த வீடுகளில் குடியேறுபவர்கள் காலையில் எங்கோ போவார்கள் என்று தெரியாதா? 2019-இல் செங்கல்பட்டு தனி மாவட்டமே ஆகிவிட்டது. மாவட்டம் பிரிக்க முடிந்தது, பாதை போட முடியவில்லை.

ஆனால் தாம்பரத்துக்கு வடக்கே இந்தப் பதில் செல்லாது. அங்கே புறநகர் வண்டிக்கென்றே இரண்டு பாதை தனியாக இருக்கிறது. மும்பையில் மேற்குப் பாதையில் இப்படி ஒரு ஜோடிப் பாதையில் நெரிசல் நேரத்தில் மூன்று நான்கு நிமிடத்துக்கு ஒரு வண்டி ஓடுகிறது. அங்கே முடிவது இங்கே முடியாதென்றால், அதற்குப் பாதை காரணமில்லை. வண்டித் தொடரின் எண்ணிக்கை, ஓட்டுநர், கார்டு எண்ணிக்கை, பராமரிப்புக்கு ஒதுக்கும் நேரம், எந்த நேரத்துக்கு எந்த வண்டி என்று மேஜையில் எடுக்கும் முடிவு, இவைதான் காரணம். ஆட்களையும் வண்டிகளையும் வாங்கினால் தீரும்.

"மும்பையில் மட்டும் தொங்கவில்லையா?" என்பது சரியான கேள்வி. தொங்குகிறார்கள், சாகிறார்கள். 2025 ஜூன் 9-ஆம் தேதி மும்ப்ரா அருகே எதிரெதிரே போன இரண்டு வண்டிகளின் வாசலில் தொங்கியவர்கள் ஒருவர்மேல் ஒருவர் உரசிக் கீழே விழுந்து உயிரிழந்தார்கள். அங்கே கூட்டத்தின் அளவே வேறு. வண்டியை அடிக்கடி விட்டால் கூட்டமே இருக்காது என்று நான் சொல்லவில்லை. அடிக்கடி விடாமல் வேறு எதைச் செய்தாலும் பயனில்லை என்றுதான் சொல்கிறேன்.

மும்ப்ராவுக்குப் பிறகு, இனிமேல் வரும் சாதாரண வண்டிகளிலும் தானாக மூடும் கதவு வைப்போம் என்று ரயில்வே சொன்னது. நல்லது. கதவு மூடினால் யாரும் விழ மாட்டார்கள். ஆனால் யோசித்துப் பாருங்கள். இன்று வாசலில் தொங்கிக்கொண்டு போகும் நாற்பது பேர் கதவு மூடிய பிறகு எங்கே இருப்பார்கள்? பிளாட்பாரத்தில். அடுத்த வண்டி இருபது நிமிடம் கழித்து வரும், அதன் கதவும் மூடாது. கதவோடு கூடவே வண்டி எண்ணிக்கையும் ஏறவில்லை என்றால் நெரிசலை வாசலிலிருந்து பிளாட்பாரத்துக்கு மாற்றியதாகத்தான் ஆகும்.

ஏசி வண்டியைப் பற்றிக் கேட்பீர்கள். 2025 ஏப்ரல் முதல் கடற்கரை–செங்கல்பட்டு பாதையில் ஓடுகிறது. நம் பெரம்பூர் ஐ.சி.எஃப்.பில் கட்டியது. பெருமைதான். ஒரு முறை போய்ப் பார்த்தேன், குளுகுளுவென்று இருந்தது, என் முட்டிவலிக்குச் சுகம். குறைந்தபட்சக் கட்டணம் 35 ரூபாய், அதிகபட்சம் 105. சாதாரண வண்டியில் குறைந்தபட்சம் 5 ரூபாய். துணிக்கடைப் பிள்ளைக்கு 35 எங்கே, 5 எங்கே? அந்த வண்டியில் 1,100-க்குச் சற்று மேல் ஆட்கள் உட்காரலாம், ஏறக்குறைய 3,800 பேர் நிற்கலாம் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். உட்காருபவரைப் போல மூன்று மடங்குக்கும் மேல் நிற்பவர் என்பது வடிவமைப்பிலேயே இருக்கிறது. அது குறையில்லை, நகர வண்டி என்றால் நிற்கத்தான் வேண்டும். ஏசி வேண்டாம் என்றும் சொல்ல மாட்டேன். ஏசி வண்டி ஓடும் அந்தப் பத்து நிமிடத்தில் அதே பாதையில் சாதாரண வண்டி ஓட முடியாது, இதை மறைக்காமல் சொல்லுங்கள் என்கிறேன். காலை எட்டு மணியின் பத்து நிமிடம் தங்கத்தைவிட விலை அதிகம். அதை யாருக்குக் கொடுக்கிறோம் என்பதுதான் கேள்வி.

அடுத்து "நஷ்டம்". புறநகர் சேவையில் ரயில்வேக்கு நஷ்டம் என்பது பொய்யில்லை, கட்டணம் அவ்வளவு குறைவு. ஆனால் ஜிஎஸ்டி சாலையில் கட்டிய மேம்பாலங்களுக்கு யாராவது லாப நஷ்டக் கணக்குக் கேட்டார்களா? அதில் என் தம்பி மகனின் கார் இலவசமாகப் போகிறது. மெட்ரோவின் இரண்டாம் கட்டம் 118.9 கிலோமீட்டர், திட்டச் செலவு 63,246 கோடி ரூபாய். போடட்டும், வேண்டும்தான். ஆனால் பக்கத்திலேயே பாதை, நிலையம், மின்கம்பி எல்லாம் தயாராக இருக்கும் ஒரு ரயிலில் கூடுதல் வண்டி விடுவதற்கு மட்டும் "பணம் எங்கே" என்று கேட்பதைக் கணக்கு வாத்தியாரால் பொறுக்க முடியவில்லை. 1931-லேயே கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் மின்சார ரயில் ஓடிய ஊர் இது. மீட்டர்கேஜில் தொடங்கி 2004-இல் அது விடைபெறும் வரை நானே அதில் எத்தனை முறை போயிருக்கிறேன். தொண்ணூறு வருட அனுபவம் உள்ள ஊர், இன்று ஒலிபெருக்கியில் "தாமதத்திற்கு வருந்துகிறோம்" என்பதை மட்டும் நேரத்துக்குச் சொல்கிறது.

இரண்டு அரசுகளுக்கும் இதில் பங்கு உண்டு. என் பதிவுக்குக் கீழே வந்து யாரும் கட்சிச் சண்டை போட வேண்டாம். கிளாம்பாக்கம் பேருந்து முனையத்தை 2023 டிசம்பர் 30-இல் திறந்தார்கள். அன்று அங்கே ரயில் நிலையம் இல்லை. வண்டலூருக்கும் ஊரப்பாக்கத்துக்கும் நடுவே முனையத்துக்கு எதிரேயே தண்டவாளம் போகிறது, வண்டி நிற்க அப்போது இடம் இல்லை. தீபாவளிக்கு மூட்டையும் குழந்தையுமாக வந்தவர்கள் ரயிலைக் கண்ணால் பார்த்துக்கொண்டே ஆட்டோவுக்குப் பேரம் பேசினார்கள். வடபகுதியிலும் இதே கதை. கடற்கரை–எழும்பூர் நான்காவது பாதைக்காக 2023 ஆகஸ்டில் பறக்கும் ரயிலைக் கடற்கரைக்கும் சிந்தாதிரிப்பேட்டைக்கும் நடுவே நிறுத்தினார்கள். ஏழு மாதம் என்றார்கள். 2024 அக்டோபர் கடைசியில்தான் மறுபடி ஓடியது, பதினான்கு மாதம். பாதை வேலை தேவையான வேலை, மறுக்கவில்லை. ஏழு மாதம் என்று கணக்குப் போட்டவர் என் வகுப்பில் இருந்திருந்தால் வழிமுறைக்கு மட்டும் மதிப்பெண் கொடுத்திருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமையைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஞாயிறென்றால் வண்டி குறைவு, பராமரிப்பும் பெரும்பாலும் அன்றுதான். அலுவலகத்துக்கு விடுமுறை, சரி. துணிக்கடை, ஓட்டல், மருத்துவமனை, காவலாளி வேலை இவற்றுக்கு ஏது ஞாயிறு? தி.நகரில் கூட்டம் அதிகமான நாளே ஞாயிறுதான். வாங்க வருபவர்களும் விற்கப் போகிறவர்களும் சேர்ந்து குறைந்த வண்டியில் ஏற வேண்டும். அரசு ஊழியர் ஒருவர்தான் இந்த அட்டவணையைப் போட்டிருக்க வேண்டும். நானும் அரசு ஊழியனாக இருந்தவன், அதனால் சொல்லலாம்.

நான் கேட்பது பெரிய விஷயம் எதுவும் இல்லை. ஒவ்வொரு நாளும் நெரிசல் நேரத்தில் எத்தனை வண்டி அட்டவணையில் இருந்தது, எத்தனை ஓடியது, இரண்டு வண்டிகளுக்கு இடையில் மிக நீளமான இடைவெளி எவ்வளவு, இந்த மூன்று எண்களையும் நிலையத்தில் ஒரு பலகையில் எழுதிப் போடட்டும். சராசரி வேண்டாம். மிக நீளமான இடைவெளியைப் போடட்டும். அந்த எண்ணை வெட்கப்படாமல் எழுத முடியும் வரைக்கும் படிக்கட்டுப் பயணத்தைப் பற்றிப் பள்ளிகளில் பேச்சுப்போட்டி வைக்க வேண்டாம்.

இப்போது உங்களுக்கு ஒரு வீட்டுப்பாடம். செங்கல்பட்டு, அரக்கோணம், கும்மிடிப்பூண்டி, வேளச்சேரி, எந்தப் பாதையில் போகிறவராக இருந்தாலும் அடுத்த பதினைந்து நாள் ஒரு சின்னக் குறிப்பேட்டில் எழுதுங்கள். தேதி, நிலையம், நீங்கள் பிளாட்பாரத்துக்கு வந்த நேரம், வண்டி வந்த நேரம், உள்ளே போக முடிந்ததா இல்லையா. முடியவில்லை என்றால் "வாசல்" என்று எழுதுங்கள், திட்ட மாட்டேன். பதினாறாம் நாள் எனக்கு அனுப்புங்கள். கூட்டிக் கழித்து அட்டவணையாக்கி, மனுவோடு சேர்த்துக் கோட்ட மேலாளர் அலுவலகத்துக்கு நானே நேரில் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். ஓய்வூதியம் வாங்குகிறவனுக்கு நேரம் இருக்கிறது. பொய் எண் மட்டும் வேண்டாம். கையெழுத்தைப் பார்த்தே யார் காப்பியடித்தீர்கள் என்று கண்டுபிடித்தவன் நான்.

மாடிப்படியில் சந்தேகம் கேட்ட தம்பிக்கு: தாமதமாகப் பதில் சொன்னதற்கு மன்னித்துவிடு. நீ கேட்டது சரி.

என் தம்பி மகனுக்கு: திங்கட்கிழமை காரை வீட்டில் விட்டுவிட்டு வா. காலை ஏழரைக்கு எங்கள் ஊர் ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் இருப்பேன். கிண்டி வரை ரிட்டர்ன் டிக்கெட் உனக்கும் சேர்த்து எடுத்து வைக்கிறேன். சாப்பாட்டுப் பை மறக்காமல் கொண்டு வா, எந்தக் கையில் பிடிப்பது என்று அங்கே பார்த்துக்கொள்ளலாம்.